பெயரை மறைத்துப் படிப்பவர்

அந்தம்மா எதைப் படித்தாலும் முதலில் கட்டைவிரலை வைத்துக் கடைப் பெயரை மறைத்துவிடுவார். பிறகுதான் மீதியைப் படிப்பார். நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, ஆட்டோ முதுகில் ஒட்டியிருக்கும் விளம்பரம், எதுவானாலும் அப்படித்தான். ஆட்டோவுக்கு விரல் எட்டாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். சிக்னலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கவனிக்க மாட்டார்.

இப்போது காரைக்காலில் தங்கை வீட்டோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் பழகியது ஒரே ஒரு வருஷம். அதில் பாதி நாள் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

என் தொழில் மாடி ஒழுகலை அடைப்பது. இருபத்தாறு வருஷம் ஒரு மேஸ்திரியிடம் கூலிக்கு இருந்துவிட்டுத் தனியாக வந்தேன். முதல் வருஷம் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் தெரிந்தவர்கள் தீர்ந்துபோனார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஏழெட்டு மாடியாவது கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஐம்பத்திரண்டு வயதில் திரும்பவும் மேஸ்திரி முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. சேர்த்துக்கொள்வார். சேர்த்துக்கொண்டு சிரிப்பார்.

தட்டாஞ்சாவடியில் நான் மாடியில் பூசுகிற மருந்து வாங்கும் கடைக்காரர்தான் சொன்னார்.

"இப்பல்லாம் ஜனங்க போன்லதான்யா தேடறாங்க. உனக்கு ஒரு வெப்சைட்டு வேணும். உப்பளத்துல ஒரு அம்மா எழுதிக் குடுக்குது. ஆனா ரொம்பக் கேள்வி கேக்கும். கோச்சிக்காத."

உப்பளத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அவர் இருந்தார். முன் அறையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், இரண்டு நாற்காலி. நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருஷம் ஒரு லாட்ஜில் போன் எடுத்தவர். மறுமுனையில் இருப்பவர் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே ரூம் போடுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடலாம் என்பார். லாட்ஜை மூடிவிட்டார்கள். அதன் பிறகு சின்னக் கடைகளுக்கு வெப்சைட்டின் முதல் பக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மற்றப் பக்கங்களை வேறு யாராவது எழுதட்டும் என்பார். ஆட்கள் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லையாம்.

நான் முன்பு அடித்த நோட்டீசை நீட்டினேன். தரமான சேவை, நியாயமான விலை, அனுபவம் மிக்க பணியாளர்கள், பத்து வருட உத்தரவாதம் என்று அதில் இருந்தது. அச்சகத்தில் அவர்களே போட்டுக் கொடுத்தது. அந்தம்மா விரலால் பெயரை மறைத்தார்.

"இப்ப சொல்லுங்கண்ணே, இது யாரு கடை?"

"என்னுதுதான்."

"பேர்தான் தெரியலயே. டயர் கடையா இருக்கலாம். பல் டாக்டரா இருக்கலாம்."

அவர் இன்னொரு தடவை படித்தார்.

"பல் டாக்டருக்கு நல்லாப் பொருந்துது" என்றார். பிறகு, "தனியா வந்து எத்தினி வருஷம் ஆவுது?"

"ரெண்டு."

"பத்து வருஷம் ஒழுவாதுன்னு போட்டிருக்கீங்க. பத்து வருஷம் நின்ன மாடி ஒண்ணைக் காட்டுங்க."

"மேஸ்திரிகிட்ட இருக்கறப்ப செஞ்சது இருக்குது."

"அது மேஸ்திரியோட வெப்சைட்டுக்கு."

அந்த வரியை அடித்தார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அடித்தார். கடைசியில் என் போன் நம்பர் மட்டும் மிஞ்சியது. அதற்கும் அங்கேயே போன் போட்டு, மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பத்து நாளைக்கு வருகிற போன்களில் ஆட்கள் சொல்லும் முதல் வார்த்தையை மட்டும் எழுதி வரச் சொன்னார். நான் பதிலுக்குப் பேசுவதை எழுத வேண்டாமாம்.

"நான் அதிகம் பேச மாட்டேன்" என்றேன்.

"தெரியுது."

ஆறு போன் வந்தது. நோட்டீசில் போட்டிருந்த 'வாட்டர் ப்ரூஃபிங்' என்ற வார்த்தையை ஆறு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. மாடி ஒழுவுதுங்க என்றார்கள். பீரோ மேல சொட்டுது என்றார் ஒருவர். வயதான ஒருவர், மேகம் கறுத்தாலே பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு ஓடறேம்பா என்றார். அந்தம்மா அதை இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டரில் மேலே 'மாடி ஒழுகுதா?' என்று அடித்தார். அதோடு லேப்டாப்பை மூடிவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவங்க என்ன கேக்கறாங்கன்னு தெரிஞ்சிட்டுது. நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு இன்னும் தெரியல. நான் வந்து பாக்கறேன்."

பார்க்காமல் எழுத மாட்டார். இதனால் அவருக்கு ஆட்கள் குறைவு. ஒரு பேக்கரிக்காரர் பிரெஞ்சுக்காரர் காலத்து ருசி என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா விடியற்காலையில் போய் அடுப்புப் பக்கம் நின்றிருக்கிறார். ரொட்டி போடுகிறவர் விழுப்புரத்தில் தொழில் கற்றவர். 'காலை ஆறு மணிக்கு வந்தால் ரொட்டி சூடாக இருக்கும், எட்டரைக்கு மேல் இருக்காது' என்று அந்தம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். பேக்கரிக்காரர் அதை அவர் கண் முன்னாலேயே கிழித்தாராம். என்னிடம் சொல்லும்போது வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. "ரொட்டி நல்லா இருந்துதுண்ணே" என்றார்.

இன்னொன்று நானே பார்த்தது. கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி. அங்கே மாடியைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விடுதிக்காரருக்கு, அறையிலிருந்தே கடல் தெரியும் என்று முதல் பக்கத்தில் போட வேண்டும்.

"லேசா எட்டிப் பாத்தாத் தெரியும் மேடம்."

"எவ்ளோ லேசா?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில்மேல் ஏறினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வெகுநேரம் பார்த்தார். "தண்ணி டேங்க் தெரியுது" என்றார். இறங்கி உட்கார்ந்து எழுதினார்: அறையிலிருந்து கடல் தெரியாது. மொட்டை மாடியிலிருந்து தெரியும். அங்கே நாற்காலி போட்டிருக்கிறோம்.

"நாற்காலி போடலியே மேடம்."

"போடுங்க. போட்டதும் சொல்லுங்க, அப்புறம் ஏத்தறேன்."

ஒரு வாரம் கழித்து நாற்காலி போட்டார்கள். அந்தம்மா மாடி ஏறிப்போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அந்த வரி வெளியே வந்தது.

என் வேலையைப் பார்க்கக் குருசுக்குப்பத்துக்கு வந்தார். சின்ன மாடி. அன்றைக்கு வேலை முடிந்துவிட்டது. விரிசலை வெட்டி அடைத்து, இரண்டு தடவை மருந்து பூசி, காயவைத்தாயிற்று. தண்ணீர் போகிற ஓட்டையைச் சாக்கால் அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்து விட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி கட்டறேன்."

"எதுக்கு?"

"மூணு நாள் நிக்கணும். கீழ ஈரம் வருதான்னு பாக்கணும்."

"வந்தா?"

"உரிச்சிட்டு மறுபடியும் செய்யணும்."

அவர் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இது வேலை இல்லியே. வேலைதான் முடிஞ்சிட்டுதே."

"எல்லாரும் இப்பிடிச் செய்யறாங்களா?"

"செய்யணும்."

"செய்யறாங்களா?"

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். எங்கள் மேஸ்திரி ஆரம்பத்தில் மூன்று நாள் கட்டினார். பிறகு ஒரு நாள் ஆயிற்று. நான் வெளியே வருகிற சமயத்தில் நாலு வாளி ஊற்றிக் காட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அந்தம்மா திரும்ப வந்தார். அடுப்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்தார். அந்த வீட்டுக்காரம்மா மீன் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"யாருய்யா இது, கவருமெண்டா?"

"எழுதறவங்க."

"கூரையில என்னா எழுதியிருக்குது?"

அந்தம்மா சிரித்தார். ஆனால் கண்ணைக் கீழே இறக்கவில்லை.

ஆடி மாதம் முதல் பக்கம் வெளியே வந்தது. மேலே 'மாடி ஒழுகுதா?' அதற்குக் கீழே, 'வேலை முடிந்ததும் மாடியில் மூன்று நாள் தண்ணீர் கட்டி நிறுத்துவோம். கீழே ஈரம் தெரிந்தால் மறுபடி செய்வோம். அதன் பிறகுதான் கிளம்புவோம்.' அதற்கும் கீழே போன் நம்பர். வேறொன்றும் இல்லை. இதையே இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் போட்டிருந்தார். பிரெஞ்சு எதற்கு என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ல பூட்டிக் கெடக்கற வீடெல்லாம் யாரு வீடு? பிரான்சுல உக்காந்துக்கிட்டு இங்க மழைன்னு செய்தியில பாத்தா அவங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

போன் வர ஆரம்பித்தது. மூன்று வீடு இங்கே. ஒன்று பிரான்சிலிருந்து, அங்கே பிறந்த பெண், உடைந்த தமிழில் பேசியது. ஆவணிக்குள் நாலு மாடி முடித்தேன். நாலிலும் தண்ணீர் நின்றது.

அந்தம்மாவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வேலை முடிந்த வீடுகளுக்குப் போன் செய்வார். நல்லா செஞ்சாங்களா, திருப்தியா என்றெல்லாம் கேட்க மாட்டார். "முதல் பக்கத்துல எழுதினது நடந்துதா?" இது ஒன்றுதான் கேள்வி. இதைச் செய்யப்போவதாக என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். நான் மறந்துவிட்டேன்.

ஐந்தாவது ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். பெரியவர் பேத்தி கல்யாணத்துக்காகப் பாரிசிலிருந்து வந்திருந்தார். தெருவில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். வேலை முடிந்த அன்றைக்கே பந்தல்காரர்கள் மூங்கிலோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பந்தி மாடியில்.

"தண்ணியெல்லாம் வேணாம்பா" என்றார் முசியே. "நல்லாத்தான பூசியிருக்கற. நாளான்னிக்குக் கல்யாணம். தண்ணியிலயா எலை போடறது?"

குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். மருந்து நன்றாகப் பிடித்திருந்தது. எனக்கும் நம்பிக்கை இருந்தது.

"சரிங்க முசியே."

கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலு நாள் கழித்துத் தற்செயலாகப் போனில் என் பக்கத்தைத் திறந்தேன். மாடி ஒழுகுதா என்று இருந்தது. கீழே நம்பர் இருந்தது. நடுவில் இருந்த மூன்று வரியைக் காணோம்.

உப்பளத்துக்குப் போனேன். படியேறும்போதே கோபம். அவர் வேறு எதையோ அடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அந்த வரி?"

"எடுத்துட்டேண்ணே. முசியேகிட்டப் பேசினேன். தண்ணி கட்டலைன்னு அவரே சந்தோஷமாச் சொன்னாரு. அவர்தான் வேணாம்னாராமே."

"ஆமா. வீட்டுக்காரரே வேணாம்னாரு. நான் என்ன பண்ண?"

"தப்புன்னு நான் சொல்லலியே. அப்பிடியே எழுதிடலாம். வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா மூணு நாள் தண்ணி கட்டுவோம். போடட்டுமா?"

விரலைக் கீபோர்டுமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கேலி செய்யவில்லை. நான் சரி என்றால் அப்படியே போட்டிருப்பார். அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மேஸ்திரியும் அப்படித்தான் ஆரம்பித்தார். வீட்டுக்காரர் அவசரப்படுகிறார் என்றுதான் முதல் தடவை நாலு வாளி ஊற்றினார்.

"வேணாம்" என்றேன்.

"அப்ப அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

மழைக்கு முன்னால் இருந்தது ஒன்றரை மாதம். என்னைக் கூப்பிட வைத்தது அந்த மூன்று வரிதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உக்காருங்கண்ணே, டீ குடிங்க என்றார். குடிக்காமல் இறங்கிவிட்டேன்.

நேராக முசியே வீட்டுக்குப் போனேன். பந்தலைப் பிரித்துவிட்டார்கள். இன்னும் ஐந்து நாளில் அவருக்கு விமானம். மூன்று நாள் தண்ணீர் கட்ட வேண்டும் என்றேன்.

"ஏம்பா, நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேனே."

"எனக்கு வேணும்ங்க."

விட்டார். ஓட்டையை அடைத்துத் தண்ணீர் விட்டேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலையில் அடுப்படிக் கூரையில், சுவர் ஓரமாக, கையகலத்துக்கு ஈரம். மேலே போய்த் தடவிப் பார்த்தேன். பந்தல் கயிறு கட்டுவதற்குக் கைப்பிடிச் சுவர் அடியில் முளை அடித்திருக்கிறார்கள். மருந்து அங்கே பிளந்திருந்தது. நான் பூசியதில் குறை இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நான்தான்.

முசியே பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இது மழையில ஆயிருந்தா?"

"உள்ள எறங்கியிருக்கும்."

"வீடு பூட்டியிருக்கும். நான் அங்க இருந்திருப்பேன்."

"ஆமாங்க."

தண்ணீரை வடித்து, காயவிட்டு, அந்த இடத்தை உரித்து மறுபடி பூசினேன். திரும்பத் தண்ணீர் கட்டியபோது முசியே ஊருக்குப் போயிருந்தார். சாவியை என்னிடமே கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் அந்தம்மா வந்தார். நான் கூப்பிடவில்லை. முசியே சொல்லியிருப்பார் போல. அடுப்படியில் ஸ்டூல் போட்டு ஏறி, ஈரம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். அதைப் போட்டோ எடுத்துப் பாரிசுக்கு அனுப்பினார். பாராட்டுவார் என்று நினைத்தேன்; செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் கூப்பிட்டார்.

"அந்த வரியத் திரும்பப் போடலாம். கூட ஒண்ணு சேக்கணும். நடந்ததைச் சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

"என்னத்தச் சொல்றது?"

"நடந்ததுதான்."

நான் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். 'ஒரு வீட்டில் தண்ணீர் கட்டாமல் வந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கட்டினேன். ஒழுகியது. சரி செய்தேன்.'

"இதப் படிச்சிட்டு எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"தெரியலண்ணே" என்றார். "லாட்ஜுல இருபது வருஷம், ரூம் இருக்கா, இருக்கு, வாங்கன்னுதான் சொல்லிட்டிருந்தேன். பாதி நாள் ரூம் இருக்காது. பெட்டியோட வந்து நிப்பாங்க. அந்த மூஞ்சிங்களையெல்லாம் பாத்தவ நான்."

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். நான் திரையைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புரட்டாசி பாதி போய்விட்டது.

"போடுங்க" என்றேன்.

பதினொரு நாள் போன் வரவில்லை. வந்தது ஒன்றுதான், அதுவும் மேஸ்திரி. வில்லியனூரில் பெரிய கட்டடமாம், ஆள் போதவில்லையாம். "திங்கக்கெழம வந்துடறியா? ஞாயித்துக்கெழம கேக்கறேன், சொல்லு" என்றார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, போன் அடித்தது. அந்தம்மா.

"மாடி ஒழுவுது. உப்பளம்."

"யாரு மாடி?"

"எங்களுதுதான். உள் ரூமு. ரெண்டு வருஷமா ஒழுவுது."

நான் உள் அறைக்குள் போனதே இல்லை. போய்ப் பார்த்தேன். கூரையில் பாதி கறுத்து உப்பு பூத்திருந்தது. கட்டிலை மூலைக்குத் தள்ளிப் போட்டிருந்தார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

"பாவம் பாத்துக் கூப்பிட்டீங்களா?"

"பாவம் பாத்து எவனாவது கூரையை ஒழுவ வெப்பானா?"

"இத்தினி நாளா நான் வந்து போறேன். ஒரு வார்த்தை சொல்லலியே."

"உங்ககிட்ட வேலை வாங்கிக்கிட்டு உங்களப் பத்தி எப்பிடி எழுதறது? இப்ப எழுதி முடிச்சிட்டேன். நேத்து பேரை மறைச்சிட்டுப் படிச்சேன். உங்களுதுதான்னு தெரிஞ்சுது. கூப்பிட்டேன்."

அன்றைக்கே விரிசலை வெட்டினேன். இரண்டு நாளில் பூசி முடித்து, ஞாயிறு காலையில் தண்ணீர் கட்டினேன். அவர் உள் அறையில் உட்கார்ந்துவிட்டார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு ஆள், முத்தியால்பேட்டையாம். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஒழுவுச்சின்னு போட்டிருக்கீங்களே ஒரு வீடு, அது இப்ப எப்பிடி இருக்குது?"

சொன்னேன். முளை அடித்தது, உரித்தது, திரும்பக் கட்டியது, எல்லாம். வாழ்நாளில் போனில் நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன் வீட்டுக்கு எப்போது வருவேன் என்று கேட்டார்.

"புதன்கெழம. அதுக்கு முன்னாடி முடியாது."

போனை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கேட்டிருப்பார். அண்ணாந்த தலையை இறக்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி கூப்பிட்டார். "என்னய்யா, நாளைக்கு வந்துடற இல்ல?"

"வரல மேஸ்திரி" என்றேன். "இங்க ஒரு மாடியில தண்ணி நிக்குது."